அம்பத்தோரு பவுண்டு

கனடா போயிட்டு வந்ததுல இருந்து பாக்கறவங்க எல்லாம் ஒரே கேள்வியத்தான் கேக்கறாங்க. "நயாகரா பாத்தீங்களா?" பாத்தேனுங்க. தண்ணி விழுது. நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா அந்த நாட்டுல பாத்ததுல என் மனசுல இன்னும் நிக்கறது ஒரு எடை மிஷின்தான். வெங்காய மண்டியில மூட்டையத் தூக்கி வெப்பாங்களே, அதே மாதிரி தரையில கிடந்த ஒரு இரும்புத் தட்டு. ஏரிக்கரையில ஒரு பலகை மேடை, அதுமேல இந்த மிஷின், பக்கத்துல தண்ணியில ஆடிக்கிட்டு ஒரு பழைய விமானம். மூட்டையை நிறுத்தினாங்க. பொறவு எங்களையும் ஒவ்வொருத்தரா ஏறி நிக்கச் சொன்னாங்க. 61 வயசுல, பத்துப் பேரு பாக்க, மூட்டையோட மூட்டையா எடை போட்டு நின்னது அதுதான் முதல் தடவை.

எதுக்கு இந்தப் பழமைன்னு கேப்பீங்க. தோட்டத்தைப் பத்தி எழுதறவன் ஏன் கனடா ஏரிக்குப் போனான்? மாப்ள கூட்டிட்டுப் போனாருங்க. அவரு மிசிசாகாவுல இருக்கறாரு. வருசா வருசம் ஜூன் கடைசியில கூட்டாளிங்களோட மீன் பிடிக்கப் போவாரு. ரோடே இல்லாத காட்டு ஏரி. தண்ணியில இறங்கற விமானத்துல கொண்டுபோய் ஒரு கேபின்ல விட்டுட்டு வந்துருவாங்க. அஞ்சு நாள் கழிச்சு வந்து கூட்டிட்டு வருவாங்க. நடுவுல கடை கிடையாது, செல்போன் கிடையாது, பக்கத்து வீடு கிடையாது. போன வருசம் நானும் மகள் வீட்டுக்குப் போயிருந்ததால, "மாமா, நீங்களும் வாங்க"ன்னாரு. எங்க வீட்டம்மா என்னை ஒரு பார்வை பாத்தா. அந்தப் பார்வைக்கு அர்த்தம் பின்னாடி சொல்றேன்.

அந்தப் பயணத்துக்கு மூட்டை கட்டினதைப் பத்தித்தான் எழுதப் போறேன். மீன் பிடிச்ச கதை எவன் வேணா சொல்லுவான், அதுல பாதி பொய்யும் இருக்கும். மூட்டை கட்டறதுல பொய் சொன்னா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும்.

போறதுக்கு மூணு வாரம் முன்னாடியே மாப்ள வீட்டு பேஸ்மெண்ட்ல சாமான் சேர ஆரம்பிச்சுருச்சு. இணையத்துல இருந்து எடுத்த லிஸ்ட் ஒண்ணு, கூட்டாளிங்க அனுப்பின லிஸ்ட் ரெண்டு. மூணையும் உக்காந்து படிச்சேன். முக்கால்வாசி தூண்டில் சமாச்சாரம். கால் அவுன்ஸ் ஈயக் குண்டு கோத்த கொக்கி எத்தனை, அதுல மாட்டற ரப்பர் புழு எந்த நிறம், பைக் மீனு பல்லால நரம்பைக் கத்தரிச்சுருமாம், அதுக்குக் கம்பி லீடர் எத்தனை, இப்படியே போகுது. கடைசி நாலு வரியிலதான் சாப்பாடு, துணி, மருந்து. நம்ம ஊர் கல்யாணப் பத்திரிகையில தாய்மாமன் பேரைக் கடைசி வரியில போட்ட மாதிரி.

இது தலைகீழ்ங்கறது என் கட்சி. கொக்கி குறைஞ்சா மீன் குறையும், அவ்வளவுதான். அந்தச் சாளையில உக்காந்து பருப்புச் சோறு திங்கலாம். காஞ்ச சாக்ஸ் ஒரு ஜோடி குறைஞ்சா அந்தக் குளிர்ல ராத்திரி தூக்கம் போயிரும். தூக்கம் போனா மறுநாள் படகுல புத்தி மட்டாயிரும். அந்தத் தண்ணியில விழுந்தா ஜூன் மாசத்துலயும் கை கால் விறைச்சுப் போகும். எது இல்லாட்டி ஆளு கெடுவானோ அதுலதான் லிஸ்ட் ஆரம்பிக்கணும்.

லைசன்ஸ் எடுக்கப் போனப்ப ஒரு வேடிக்கை. 65 வயசு தாண்டின கனடாக்காரங்களுக்கு ஒன்டாரியோவுல மீன் லைசன்ஸ் வேண்டாம், அடையாள அட்டையே போதும். எனக்கு வயசும் பத்தலை, நாடும் பத்தலை. வெளியாளுக்குள்ள கட்டணம் கட்டினோம். நாங்க எடுத்தது கான்சர்வேஷன்னு சின்ன லைசன்ஸ். நாங்க போன பக்கத்துல அதுக்கு வால்ஐ மீனு ஆளுக்கு ரெண்டுதான் வெச்சுக்கலாம், பெரிய லைசன்ஸ்னா நாலு. அதுலயும் 46 சென்டிமீட்டர் தாண்டினது ஒண்ணே ஒண்ணுதான். முட்டை வைக்கற பெரிய தாய் மீனைக் காப்பாத்தற கணக்கு அது. நம்ம குளத்து ஏலக்காரங்க கத்துக்க வேண்டிய சங்கதி. அதை இன்னொரு நாள் பேசுவோம். இங்க எதுக்குச் சொல்றேன்னா, "மீனுதான் கிடைக்குமே"ன்னு நம்பிச் சாப்பாட்டைக் குறைக்கக் கூடாது. ரெண்டு மீனை வெச்சு நாள் முழுக்கப் படகு ஓட்டற ஆம்பளைக்கு வயிறு நிறையாது.

விமானக் கம்பெனி ஆளுக்கு 60 பவுண்டு சாமான்னு சொல்லியிருந்துச்சு. நம்ம கணக்குல 27 கிலோ. நாலு பேருக்கு 240 பவுண்டு. அதுல படுக்கைப் பை, துணி, சாப்பாடு, தூண்டில் எல்லாம் அடங்கணும். கேபின்ல கேஸ் அடுப்பு, கேஸ்ல ஓடற பிரிட்ஜ், பாத்திரம், படகு, லைப் ஜாக்கெட் எல்லாம் இருக்கும். மத்தது நாம கொண்டு போனாத்தான் உண்டு. சூட்கேஸ் ஆகாது. விமானத்தோட வயிறு உருண்டை, சாமானை இண்டு இடுக்குல செருகுவாங்க, அதனால மடங்கற துணிப்பைதான். தூண்டில் கம்புக்கு நான் ஒரு உபகாரம் பண்ணினேன். கடையில அதுக்குன்னு விக்கற குழாய் என்ன விலைன்னு பாத்தேன், மயக்கம் வந்துருச்சு. நேரா வன்பொருள் கடைக்குப் போயி மூணு இஞ்சு பி.வி.சி. பைப் ஒரு துண்டு, ரெண்டு மூடி. நாலு கம்பும் உள்ள போயிருச்சு. போர்வெல் போட்டுப் போட்டுக் கடனாளியான விவசாயிக்குப் பைப்பைப் பத்திக் கனடாக்காரன் சொல்லித் தரணுமாக்கும்.

சாப்பாட்டுலதான் சண்டை வந்துச்சு. கூட வர்றவங்க ரெண்டு பேரு. ஒருத்தரு தண்டர் பேக்காரரு, வெள்ளைக்காரரு, மாப்ள கூட வேலை பாத்தவரு. இன்னொருத்தரு யாழ்ப்பாணத்துத் தம்பி, சின்ன வயசுலயே டொரான்டோ வந்தவரு. அவங்க லிஸ்ட்ல பீன்ஸ் டப்பா, சூப் டப்பா, உருளைக்கிழங்கு, பிரெட், இதுபோக தண்ணி பாட்டில் ஒரு கேஸ், பீர் ரெண்டு கேஸ். நான் ஒரு டப்பாவை எடுத்துத் திருப்பிப் பாத்தேன். பாதிக்கு மேல தண்ணி. உருளைக்கிழங்கும் முக்கால்வாசி தண்ணிதான். "ஏனுங் மாப்ள, ஏரிக்குப் போறோம், இங்கிருந்து தண்ணியை விமானத்துல ஏத்திட்டா போவாங்க?"ன்னு கேட்டேன். அவரு சிரிச்சுட்டாரு. ஆனா கேஸை எடுத்து வெக்கலை.

என் கணக்கு சுலபம். ஒரு கிலோ அரிசி அங்க இருக்கற தண்ணியைக் குடிச்சுட்டு மூணு கிலோ சோறாகும். பருப்பும் அப்படித்தான். காஞ்ச சாமானைத் தூக்கிட்டுப் போகணும், ஈரத்தை அங்க சேத்துக்கணும். நம்ம பாட்டிமாருக்கு இது தெரியும். பழனிக்கு மாட்டு வண்டி கட்டிட்டுப் போன காலத்துல கட்டுச்சோத்து மூட்டையில என்ன இருந்துச்சு? புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, கொள்ளுப்பொடி, காஞ்ச மிளகா வத்தல். கெட்டுப்போகாது, கனக்காது, மாட்டுக்கும் பாரமில்ல. எங்க மகள் அதே மாதிரி ஒரு பாட்டில் நிறையப் புளிக்காய்ச்சல் செஞ்சு குடுத்துச்சு. மீனுக்கு மொளகாய்த்தூள், மஞ்சத்தூள், உப்பு கலந்து தனியா ஒரு பொட்டணம். இருபது முட்டையை உடைச்சு ஒரு பாட்டில்ல ஊத்தி உறைய வெச்சுது, ஓடு உடையுமேங்கற பயமே இல்ல. உறைஞ்ச கோழிக்கறிப் பொட்டணமும் அந்தப் பாட்டிலும் மத்ததுக்கெல்லாம் ஐஸ் கட்டியாட்டம் வேலை செஞ்சுது.

அஞ்சு நாள் பயணத்துக்கு ஏழு நாள் சாப்பாடுன்னு நான் பிடிவாதம் பிடிச்சேன். அந்த மாதிரி விமானம் பகல் வெளிச்சத்துல, கண்ணுக்குத் தூரம் தெரிஞ்சாத்தான் பறக்கும். மேகம் கீழ இறங்கினாலோ, காட்டுத்தீப் புகை வந்தாலோ வராது. கூட்டிட்டுப் போக வர்ற நாள்ங்கறது ஒரு உத்தேசம்தான். மழை வரும்னு ரேடியோவுல சொன்ன தேதியை நம்பி நான் எத்தனை தடவை கடலை விதைச்சிருக்கேன்னு எனக்குத்தான தெரியும். யாழ்ப்பாணத்துத் தம்பி மட்டும், "ஐயா சொல்லுறது சரி, ரெண்டு நாள் கூட இருந்தா என்ன குறைஞ்சா போயிடும்" எண்டு என் பக்கம் நின்னாரு.

இனி என் மூட்டைக்கு வர்றேன்.

எனக்கு வீசிங் இருக்குதுங்க. மக்காச்சோளம் அடிக்கறப்ப வர்ற தூசியில ஆரம்பிச்சு இருபது வருசமா இருக்குது. வாயில அடிக்கற பம்பு ஒண்ணு எப்பவும் சட்டைப்பையில இருக்கும். மாசக்கணக்குல தேவைப்படாது. புகை, தூசி, குளிர் மூணும் சேந்தா மட்டும் இழுத்துக்கும். வீட்டம்மாவுக்குத் தெரியும். மகள் கேட்டப்ப, "அதெல்லாம் எப்பவோ சரியாப் போச்சு கண்ணு"ன்னுட்டேன். மாப்ளைக்கு ஒண்ணுமே தெரியாது. ஏன் மறைச்சேன்னா, சொன்னா கூட்டிட்டுப் போக மாட்டாங்க. அவ்வளவுதான் காரணம். வீட்டம்மா பார்வைக்கு அர்த்தம் இப்ப புரிஞ்சுதா? போறதுக்கு முந்தின நாள் ராத்திரி அவ, "மாப்ளகிட்ட ஒரு வார்த்தை சொல்லிருங்க"ன்னா. "சொல்றேன், சொல்றேன்"ன்னு போர்வையை இழுத்துப் போத்திட்டேன்.

டொரான்டோவுல இருந்து தண்டர் பேக்கு விமானம். அங்க இருந்து அந்தத் தண்டர் பேக்காரரோட பிக்கப் வண்டியில வடக்கால 240 கிலோமீட்டர். 527ன்னு ஒரு ரோடு. ஊருன்னு சொல்ல ஒண்ணுமே இல்ல, ரெண்டு பக்கமும் ஊசியிலை மரமும் தண்ணியுந்தான். டவுன்லயே டேங்கை ரொப்பிக்கணும். ரோடு போய் முடியற இடம் ஆம்ஸ்ட்ராங். விடிகாலையில நல்ல குளிர். ரெண்டு ஜெர்கின் கொண்டு போயிருந்தேன், மழைக்கு ஒண்ணு, குளிருக்கு ஒண்ணு. குளிருக்குள்ளதைப் போட்டுக்கிட்டு, பம்பை அதோட உள் பாக்கெட்ல வெச்சேன்.

விமானத்தைப் பாத்ததும் எனக்குப் பிடிச்சுப் போச்சு. பீவர்னு பேரு. 1947ல முதல்ல பறந்ததாம், 1967 வரைக்கும் டொரான்டோ டவுன்ஸ்வியூவுல 1,600க்கும் மேல செஞ்சிருக்கறாங்க. மூக்குல 450 குதிரை சக்தி எஞ்சின், வட்டமா சிலிண்டர் அடுக்கினது. என் பழைய மாசி டிராக்டரைப் போல பன்னண்டு மடங்கு. கம்பெனி செய்யறதை நிறுத்தி எத்தனையோ வருசமாச்சு, பைலட்டுக்கு வயசு முப்பதுக்குள்ள, விமானத்துக்கு அறுபதுக்கு மேல. ஒழுங்காப் பாத்துக்கிட்டா மிஷின் மனுசனை விட நல்லாத்தான் இருக்குது.

எடை மிஷின்ல நிறுத்தினாங்க. 291 பவுண்டு. அம்பத்தோரு பவுண்டு அதிகம்.

பைலட்டு ஒண்ணும் சத்தம் போடலை. "எதை வெச்சுட்டுப் போறதுன்னு நீங்களே முடிவு பண்ணுங்க, எனக்கு அவசரமில்லை"ன்னு சொல்லிட்டு, கரடிக்கு அடிக்கற ஸ்பிரேயை வாங்கி மிதவைக்குள்ள இருந்த பெட்டியில வெச்சுப் பூட்டினாரு. அது விமானத்துக்குள்ள வெடிச்சா பைலட்டுக்குக் கண்ணு தெரியாது, அதுக்காக. நாங்க நாலு பேரும் சாமானைச் சுத்தி நின்னோம். முதல்ல யாரு கை எதுமேல போச்சுன்னு நெனைக்கறீங்க? என் அரிசி மேல. அஞ்சு கிலோ அரிசி. நான் குறுக்க நின்னுட்டேன். கடைசியில தண்ணி பாட்டில் கேஸ் கீழ இறங்குச்சு, 27 பவுண்டு. பீர் ஒரு கேஸ் இறங்குச்சு, 20 பவுண்டு. அதை இறக்கறப்ப தண்டர் பேக்காரரு முகம், பெத்த புள்ளையை ஹாஸ்டல்ல விடற மாதிரி இருந்துச்சு. இன்னும் நாலு பவுண்டு. ஈயக் குண்டுல ரெண்டு பவுண்டு போச்சு.

மிச்சம் ரெண்டு பவுண்டு. "மாமா, உங்களுக்கு ரெண்டு ஜெர்கின் எதுக்கு?"ன்னாரு மாப்ள. வெயில் ஏறிட்டதால குளிருக்குள்ளதைக் கழட்டி மூட்டை மேல போட்டிருந்தேன். பெரிய மனுசன் நான்தான் முதல்ல விட்டுக் குடுக்கணும்னு ஒரு வீம்பு. "இந்தாங்க"ன்னு நானே எடுத்துட்டுப் போய் பிக்கப் பின் சீட்ல வெச்சேன். அந்த நேரத்துல உள் பாக்கெட் ஞாபகம் வரவே இல்ல. வண்டிச் சாவியை ஆபீசுல குடுத்துட்டுப் போகணும்னு அங்க ஒரு வழக்கம். நம்ம வண்டிச் சாவியை எதுக்கு அடுத்தவங்ககிட்டக் குடுக்கணும்னு அதுக்கும் முணுமுணுத்தேன்.

ஏரியும் கேபினும் எப்படி இருந்துச்சுன்னு ரொம்ப எழுதப் போறதில்ல. மரச்சுவர், நாலு கட்டில், ஒரு விறகடுப்பு, வெளிய தள்ளி ஒரு கக்கூஸ். நம்ம தோட்டத்துச் சாளைதான், வாசல்ல மாட்டுக்குப் பதிலா படகு கட்டியிருக்குது. ராத்திரி பத்து மணி வரைக்கும் வெளிச்சம். தண்ணியைக் கொதிக்க வெச்சுத்தான் குடிச்சோம், நீர்நாய் மாதிரி பீவர்னு ஒரு பிராணி அங்க இருக்குது, அதால வயித்துப்போக்கு வருமாம். கருப்பு ஈ ஒண்ணு இருக்குதுங்க, கொசுவை நல்லவன்னு சொல்ல வெச்சுரும். காதுக்குப் பின்னாடி கடிச்சா ரத்தம் ஒழுகறது தெரியும், வலி பொறவுதான் தெரியும். தலைக்குப் போடற வலை ஒண்ணு உள்ளங்கையில அடங்கிரும், எடையே இல்ல, அதை மறந்தவன் செத்தான். டீட்னு ஒரு மருந்து பூசறாங்க, அது பட்டா பிளாஸ்டிக் இளகிருது. என் மூக்குக் கண்ணாடி பிரேம்ல இன்னும் என் கட்டைவிரல் ரேகை இருக்குது. மீனை அறுத்த குடலைக் கேபின் பக்கம் போடாம படகுல கொண்டுபோய் தள்ளி ஒரு பாறையில போட்டோம், கரடி வாசம் பிடிச்சு வந்துருமுன்னு.

ரெண்டாம் நாள் சாயங்காலம் காத்து திரும்புச்சு. சூரியன் செம்பு நிறத்துல தெரிஞ்சுது. எங்கயோ தொலைவுல காடு எரியுதுன்னு தண்டர் பேக்காரரு சொன்னாரு. ஒன்பது மணிக்கு அக்கரை மரம் தெரியலை. கரும்புத் தோகை எரிக்கற வாசனை. பதினோரு மணிக்கு எனக்கு இழுக்க ஆரம்பிச்சுருச்சு.

மழை ஜெர்கின்ல தேடினேன். பையில தேடினேன். படுக்கைக்குள்ள தேடினேன். அப்பத்தான் பிக்கப் பின் சீட் கண்ணு முன்னாடி வந்துச்சு. அப்பவும் என்ன பண்ணினேன் தெரியுங்களா? சத்தம் வராம இருக்க வெளிய போய் படியில உக்காந்தேன், புகைக்குள்ளயே. புத்தி அப்படி. மூச்சு விடறதை விட மானம் பெருசாத் தெரிஞ்சுது.

யாழ்ப்பாணத்துத் தம்பிதான் ஒண்ணுக்குப் போக எந்திரிச்சு வந்தவரு பாத்தாரு. என் தோள் ஏறி ஏறி இறங்கறதைப் பாத்ததும் அவருக்குப் புரிஞ்சு போச்சு. "ஐயா, இதை ஏன் முன்னமே சொல்லேல்லை?" அவ்வளவுதான் கேட்டாரு. அவங்க அம்மாவுக்கும் இதே வியாதியாம். உள்ள கூட்டிட்டுப் போய், சன்னலை அடைச்சு, கதவிடுக்குல ஈரத்துண்டை வெச்சு, விறகடுப்பை அணைச்சு, என்னை நிமிந்து உக்கார வெச்சாரு. உதட்டைக் குவிச்சு மெதுவா மூச்சு விடச் சொன்னாரு. கட்டங்காப்பி போட்டுக் குடுத்தாரு, அது கொஞ்சம் கேக்கும்னு. மாப்ள எந்திரிச்சு வந்தாரு. அவரு ஒண்ணும் திட்டலை. அவரு முகத்தைப் பாத்தப்ப, திட்டியிருந்தாத் தேவலைன்னு இருந்துச்சு. என் மகளுக்கு அவரு என்ன பதில் சொல்லணும்னு அப்பத்தான் நான் யோசிச்சேன்.

சேட்டிலைட் வழியா மெசேஜ் அனுப்பற கருவி ஒண்ணு, தீப்பெட்டி ரெண்டை அடுக்கின மாதிரி, கொண்டு போயிருந்தாங்க. ஒரு மெசேஜுக்கு 160 எழுத்து. தண்டர் பேக்காரரு விமானக் கம்பெனிக்கு அடிச்சாரு. பிக்கப், பின் சீட், கருப்பு ஜெர்கின், உள் பாக்கெட், ஆஸ்துமா பம்பு, சாவி உங்க ஆபீசுல. பதில் வர இருபது நிமிசமாச்சு. புகை விலகி வெளிச்சம் வந்தாத்தான் கிளம்ப முடியும், நிலைமை மோசமானா எஸ்.ஓ.எஸ். பட்டனை அழுத்துங்கன்னு. உதடு நீலமாச்சுன்னா உடனே அழுத்தறதுன்னு மூணு பேரும் பேசி வெச்சுக்கிட்டாங்க. அழுத்தினாலும் அந்தப் புகையில ராத்திரி எதுவும் இறங்க முடியாதுங்கறது எல்லாருக்கும் தெரியும். யாரும் சொல்லலை. மாறி மாறி டார்ச் அடிச்சு என் உதட்டைப் பாத்துக்கிட்டே இருந்தாங்க. விடியற வரைக்கும் ஒருத்தரும் படுக்கலை.

காலையில காத்து கொஞ்சம் மாறி, பத்தரை மணிக்கு எஞ்சின் சத்தம் கேட்டுச்சு. அந்தப் பையன் பைலட்டு மிதவை மேல நின்னு ஜெர்கினை நீட்டினாரு. ரெண்டு தடவை அடிச்சேன். கொஞ்ச நேரத்துல நெஞ்சு இளகுச்சு. திரும்ப வந்துர்றீங்களான்னு கேட்டாரு. புகை விலகிட்டதால இருந்துக்கறேன்னேன். மாப்ள மட்டும், இன்னொரு தடவை புகை தெரிஞ்சா மறுபேச்சில்லாமக் கிளம்பணும்னு என்கிட்டச் சத்தியம் வாங்கினாரு. அந்த ஒரு டிரிப்புக்குத் தனியாக் காசு. எவ்வளவுன்னு மாப்ள இன்னைக்கு வரைக்கும் சொல்லலை.

அந்தப் பம்பு அம்பது கிராம் வராதுங்க. 51 பவுண்டைக் குறைக்க நாங்க நாலு பேரு நின்னு பீருக்கும் ஈயத்துக்கும் வழக்காடினோம். அதுல ஒருத்தன் கூட, "உங்கள்ல யாருக்கு என்ன மருந்து, அது எந்தப் பையில இருக்குது?"ன்னு கேக்கலை. அவங்களைக் குத்தம் சொல்ல முடியாது, கேட்டிருந்தாலும் நான் சொல்லியிருக்க மாட்டேன். ஆனா என் அபிப்பிராயம் என்னன்னா, இந்த மாதிரிப் பயணத்துக்கு முதல் சாமான் வாங்கறதுக்கு முன்னாடி எல்லாரும் வட்டமா உக்காந்து அவனவன் உடம்பைப் பத்தி வாய்விட்டுச் சொல்லணும். சர்க்கரை, பிரஷர், தேனீ கொட்டினா வீங்கறது, ராத்திரி கண்ணு தெரியாதது, எல்லாம். மருந்து ரெண்டு செட் வேணும், ஒண்ணு உடம்போட, ஒண்ணு கூட வர்றவன் பையில. "அது சொந்த விசயம்"ன்னு நீங்க சொல்லலாம். ஆஸ்பத்திரி பத்து நிமிசத்துல இருக்கற ஊர்ல அது சொந்த விசயம். அந்தக் கேபின்ல என் நெஞ்சு நாலு பேரோட விசயமாப் போச்சு. மூணு பேரு தூக்கத்தையும் ஒரு பைலட்டோட காலை நேரத்தையும் என் வீம்பு தின்னுருச்சு.

வயசானவங்க இதுல ரொம்ப மோசம். எங்களை விட்டுட்டுப் போயிருவாங்கங்கற பயம். பேரப்புள்ளைங்க கூட நடந்து வர முடியும், மலை ஏற முடியும்னு காட்டிக்கணும். உங்க வீட்டுலயும் ஒருத்தரு இருப்பாரு. "எனக்கென்ன, நான் நல்லாத்தான் இருக்கேன்"னு சொல்ற ஆளு. அவரு பேச்சை நம்பாதீங்க, சட்டைப்பையைப் பாருங்க. அதே நேரம், விசயம் தெரிஞ்சா வீட்டோட விட்டுட்டுப் போற பழக்கத்தையும் நீங்க விடணும். கூட்டிட்டுப் போவீங்கன்னு தெரிஞ்சா நாங்க ஏன் மறைக்கப் போறோம்?

டவுன்ல இருந்து சனி ஞாயிறுக்கு என் தோட்டத்துக்கு வர்றவங்களையும் நெனச்சுக்கறேன். காரு டிக்கி மூடாது. மெத்தை, ஸ்பீக்கர், கறி சுடற அடுப்பு, தண்ணி கேன் எல்லாம் வரும், என் கிணத்துத் தண்ணி தேங்கா மாதிரி இனிக்கும்னு சொல்லியும். ராத்திரி பத்து மணிக்குக் கொழந்தைக்குக் காய்ச்சல் மருந்து இருக்குதான்னு வந்து கதவைத் தட்டுவாங்க. மருந்துக்கடை பதினோரு கிலோமீட்டர், ஒன்பது மணிக்கே சாத்திருவான். ரோடு இருக்கறதால தைரியம். ரோடு இருந்தா கடை திறந்திருக்கும்னு யாரு சொன்னா? இப்பெல்லாம் யாரு வர்றேன்னாலும் போன்லயே மருந்தைப் பத்திக் கேட்டுர்றேன். ஒரு அம்மா சங்கடப்பட்டாங்க. பரவால்லைன்னு விட்டுட்டேன்.

கூட்டிட்டுப் போக விமானம் அஞ்சாம் நாள் வரலை. மேகம் தரையைத் தொட்டுக்கிட்டு ரெண்டு நாளா மழை. டப்பா எல்லாம் நாலாம் நாளே காலி. புளிக்காய்ச்சல் பாட்டில் அடியில கொஞ்சம், அரிசி ஒரு கிலோ, மீனு. ஆறாம் நாள் ராத்திரி தண்டர் பேக்காரரு புளிச்சோத்தை மூணாந்தரம் வாங்கித் தின்னுட்டு, இது என்ன பேருன்னு கேட்டு எழுதிக்கிட்டாரு. ஏழாம் நாள் காலையில எஞ்சின் சத்தம் கேட்டப்ப சட்டியில பழைய சோறு ஒரு கைப்பிடிதான் கிடந்துச்சு.

ஆம்ஸ்ட்ராங் மேடையில இறங்கினா, நாங்க இறக்கி வெச்சுட்டுப் போன தண்ணி பாட்டில் கேஸ் அந்த எடை மிஷின் பக்கத்துல அப்படியே நனைஞ்சுட்டு இருக்குது. யாரும் தொடலை. யாழ்ப்பாணத்துத் தம்பி அட்டையைக் கிழிச்சு ஆளுக்கு ஒண்ணு குடுத்தாரு. மாப்ள ஒரு வாய் குடிச்சுட்டு மூடியைத் திருகினாரு. "என்ன மாமா இது, ஒரு ருசியும் இல்ல"ன்னாரு. நான் ஜெர்கின் உள் பாக்கெட்டை ஒரு தடவை தொட்டுப் பாத்துக்கிட்டு வண்டியில ஏறினேன்.